மந்தைக் காவலுக்குக் கண்காட்சி லாமாவா, வேறு விலங்கா?

ஆடுகள் மேயும் பண்ணையில் கண்காட்சிக்காக வளர்த்த லாமாவும் (தென் அமெரிக்காவின் ஒட்டகக் குடும்ப விலங்கு) ஒன்று நிற்கிறது என்றால், ஏதோ ஒரு விலங்கு முதல் ஆட்டை அடித்துப்போட்ட மறுநாள் காலையிலேயே அந்த யோசனை வந்துவிடும்: இதையே மந்தையோடு விட்டால் என்ன? லாமா இயல்பிலேயே காவல் காக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பரிசு வாங்கிய லாமா ஆளோடு பழகியது, கால் கை திடமானது, கூப்பிட்டால் வருவது. கையில் இதை வைத்துக்கொண்டு நாயையோ கழுதையையோ தேடிப் போவானேன்?

நியாயமான கேள்விதான். ஆனால் லாமா என்ற ஒரே பெயருக்குள் பலவிதமான விலங்குகள் இருக்கின்றன. எப்படி வளர்ந்தது, ஆணா பெண்ணா, காயடித்ததா, யாரைத் தன் கூட்டம் என்று நினைக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் முற்றிலும் மாறும்.

காவல் குணம் எங்கிருந்து வருகிறது

லாமாவின் காட்டு மூதாதை குவானாக்கோ. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பழக்கி, பொதி சுமக்கவும் கம்பளிக்கும் இறைச்சிக்கும் வளர்த்தார்கள். ஆடு காக்க வேண்டும் என்று யாரும் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுக்கவில்லை. நாம் காவல் என்று சொல்வது குவானாக்கோ குடும்பத்தில் ஆண் செய்யும் வேலை. ஒரு ஆண், சில பெண்கள், குட்டிகள் என்று அந்தக் குடும்பம் தனக்கென்று ஒரு மேய்ச்சல் எல்லையை வைத்திருக்கும். ஆண் மேட்டில் ஏறி நின்று பார்க்கும். பூமா (அமெரிக்க மலைகளில் வாழும் பெரிய பூனை இனம்) கண்ணில் பட்டால் குரல் கொடுக்கும். வேறு ஆண் எல்லைக்குள் நுழைந்தால் விரட்டும்.

இந்தக் குணம் ஆடுகளுக்குப் பயன்பட ஒரே ஒரு விஷயம் நடக்க வேண்டும். தன் இனம் பக்கத்தில் இல்லாத லாமா, கூட்டம் இல்லாமல் இருக்க முடியாமல், ஆடுகளையே கூட்டமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்றுக்கொண்டால் மேய்ச்சல் நிலம் அதன் எல்லை, ஆடுகள் அதன் குடும்பம். எந்தப் பயிற்சியும் வேண்டாம். பல லாமாக்கள் சில மணி நேரத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. சிலவற்றுக்கு ஒரு வாரம் ஆகும்.

அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டு அரசு நிலங்களில் கால்நடைகளை வேட்டையாடும் விலங்குகளுக்கு விஷம் வைப்பது தடைசெய்யப்பட்டது. கொயோட்டி என்ற சிறிய ஓநாய் போன்ற விலங்குகளிடம் ஆடுகளை இழந்துகொண்டிருந்தவர்கள் வேறு வழி தேடினார்கள். 1980-களில் லாமாவைக் காவலுக்கு விடுவது அங்கே பரவியது. அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்தில் மேற்கு மாநிலங்களில் லாமா வைத்திருந்த 145 பண்ணைகளைக் கேட்டறிந்தார்கள். லாமா வருவதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 21 சதவீதமாக இருந்த ஆட்டு இழப்பு, வந்த பிறகு 7 சதவீதமாகக் குறைந்திருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இழப்பே இல்லை என்றார்கள். பண்ணைக்காரர்கள் தங்கள் நினைவிலிருந்து சொன்ன கணக்கு இது, அதனால் துல்லியமான அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் போக்கு தெளிவாகவே இருக்கிறது.

காவல் எப்படி நடக்கிறது என்று அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் புரியும். வேலிக்கு வெளியே புதிதாக ஒரு நாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லாமா மேய்வதை நிறுத்தும். தலை உயரும், இரண்டு காதுகளும் நாயை நோக்கி முன்னால் குவியும், வாயில் அசைபோட்டுக்கொண்டிருந்தது அப்படியே நிற்கும். உடம்பு ஆடாமல் அந்த ஒரே புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாய் நகரவில்லை என்றால் அடுத்தது குரல்: ஸ்டார்ட் ஆகாத பழைய மோட்டாரைத் திரும்பத் திரும்ப முடுக்குவது போல விட்டுவிட்டு எழும் கீச்சொலி. ஆடுகள் தலை தூக்கி, ஒன்றோடொன்று நெருங்கி, லாமாவின் பின்பக்கம் சேரும். லாமா இப்போது நாயை நோக்கி நடக்கும், பிறகு ஓடும். கிட்டே வந்தால் முன்னங்காலால் மிதிக்கும், உதைக்கும், துப்பவும் செய்யும். சில லாமாக்கள் ஓடுவதற்குப் பதில் மந்தையை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு நடுவில் நின்றுகொள்ளும்.

பத்துப் பதினைந்து கிலோ எடையுள்ள கொயோட்டி, தன்னை நோக்கி ஓடிவரும் 150 கிலோ விலங்கைப் பார்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். நரியும் தனியாக வரும் தெருநாயும் அப்படித்தான். ஆனால் இதில் பெரும்பகுதி மிரட்டல். கூட்டமாக வரும் நாய்கள், ஓநாய், கரடி, பூமா ஆகியவற்றின் முன் இந்த மிரட்டல் நிற்காது. அங்கே லாமாவே இரையாகிவிடும். எதற்கும் முன்னால் இந்த ஒரு விஷயத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஆட்டை அடிப்பது எது? மேலே சொன்ன பெரிய விலங்குகளில் ஒன்று என்றால், கண்காட்சி லாமாவோ சாதா லாமாவோ, காவலுக்கு அனுப்புவது அதைப் பலி கொடுப்பதுதான்.

கண்காட்சி வாழ்க்கை அதை என்ன செய்கிறது

லாமா கண்காட்சிகளில் இரண்டு பெரிய பிரிவுகள். ஹால்டர் (தலைக்கயிறு) வகுப்பில் உடலமைப்பு, நடை, கம்பளி ஆகியவற்றை நடுவர் பார்ப்பார்; கம்பளியின் அளவைப் பொறுத்துக் குறைவு, நடுத்தரம், அடர்த்தி என்று வகுப்புகள் பிரியும். செயல்திறன் வகுப்புகளில் தடைகளைத் தாண்டுவது, பொதி சுமப்பது, பொதுமக்களிடம் பழகுவது என்று போட்டிகள் இருக்கும். கடைசியாகச் சொன்னதில் அறிமுகமில்லாதவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள், சக்கர நாற்காலி பக்கத்தில் வரும், கதவுகள் வழியாகப் போக வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் மிரளாத லாமாதான் ஜெயிக்கும்.

இங்கேதான் சிக்கல். மிரளாமல் நிற்கப் பழக்குவதும், புதியதைக் கண்டால் விழித்துக்கொள்ளும் குணமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. கண்காட்சி மைதானத்தில் கயிற்றில் கட்டிய நாய்கள் நாள் முழுக்க பக்கத்தில் போகும். ஒன்றும் ஆகாது. இப்படிப் பல சீசன் பார்த்த லாமா, நாய் என்றால் ஆபத்தில்லை என்று கற்றுக்கொண்டிருக்கும். அதனால் காவல் குணம் அழிந்துவிடாது. ஆனால் அது கிளம்புவதற்குத் தேவைப்படும் தூண்டுதல் கூடிவிடும். அதுவரை நாய் இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. லாமாவுக்கு இடம் முக்கியம். கழுத்தில் கயிறு, பக்கத்தில் ஆள், அந்நியமான மைதானம் என்றால் அதற்கு எல்லை என்ற உணர்வே இருக்காது. அதே லாமாவைக் கயிறில்லாமல் சொந்த நிலத்தில் விட்டால் தன் சாணக்குவியல், தன் மேடு, தன் வேலி என்று வேறு விலங்காக நடந்துகொள்ளலாம். அதனால் மைதானத்தில் சாதுவாக நின்றதை வைத்து அதைத் தள்ளிவிட வேண்டாம். சோதித்துப் பாருங்கள்: லாமா பார்த்திராத ஒரு நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒருவர் வேலிக்கு வெளியே நடக்கட்டும். லாமா நிமிர்ந்து பார்த்து, குரல் கொடுத்து, நாயை நோக்கி வந்தால் நல்ல அறிகுறி. பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தால் காவலுக்கு ஆகாது. ஓடிப் போய்ப் பின்னால் ஒளிந்தால் அதுவும் ஒரு பதில். யூட்டா மாநிலத்தில் 1990-களில் நாய்களை வைத்து நடந்த ஓர் ஆய்வும் இதே திசையில்தான் சொன்னது: விழிப்பும் தலைமைக் குணமும் உள்ள லாமாக்களே நாயை அதிகமாக எதிர்த்தன.

கூட்டத்தைப் பற்றிய சிக்கல் இதைவிடப் பெரியது என்பது என் கருத்து. கண்காட்சி லாமாக்கள் பெரும்பாலும் மற்ற லாமாக்களோடு வளர்ந்தவை. அதில் ஒன்றைத் தனியாகப் பிரித்து ஆடுகளோடு விட்டால், வேலிக்கு அப்பால் தன் இனத்தின் வாசம் வந்துகொண்டிருக்கும்வரை அது அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்கும். ஆடுகள் இந்தப் பக்கம், லாமா அந்தப் பக்கம். இரண்டாகச் சேர்த்து விட்டாலோ அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆடுகளை மறந்துவிடும். ஒரே லாமாவைத் தனியாக விடுவதுதான் காவலுக்குச் சிறந்தது என்று அயோவா ஆய்விலும் தெரிந்தது. இதில் லாமாவுக்கு ஒரு துன்பம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தன் இனத்தோடு வாழப் பிறந்த விலங்கு அது. ஆடுகளை உண்மையிலேயே ஏற்றுக்கொண்ட லாமா நிம்மதியாக இருக்கும். ஏற்றுக்கொள்ளாதது வேலியோரம் நடந்து நடந்து இளைக்கும். அப்படி இளைப்பதைப் பார்த்தால் பிடிவாதம் பிடிக்காமல் திரும்பக் கூட்டிவந்துவிடுங்கள்.

கம்பளி அடுத்த விஷயம். அடர்த்தியான கம்பளிக்காகப் பரிசு வாங்கிய லாமா, முள்ளும் ஒட்டுப்புல்லும் உள்ள மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாதம் இருந்தால் அந்தக் கம்பளியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக முடியாது. வெயில் காலத்தில் கம்பளி வெட்டாமல் விட்டால் உடல் சூடேறி உயிருக்கே ஆபத்து. முகத்தில் கம்பளி விழுந்து கண்ணை மறைத்தால் தூரத்தில் வருவது தெரியாது. முகத்திலும் காலிலும் குட்டை முடி உள்ள பழைய பொதிலாமா வகைதான் மேய்ச்சலுக்குப் பொருத்தம்.

ஒரே ஒரு வகையை மட்டும் யோசிக்காமல் தள்ளிவிட வேண்டும்: புட்டிப்பால் கொடுத்து மனிதர்களோடு மட்டும் வளர்த்த ஆண். அது மனிதர்களையே தன் இனம் என்று நினைத்து வளரும். வயது வந்ததும் மற்ற ஆண் லாமாவிடம் காட்ட வேண்டிய சண்டையை ஆட்களிடம் காட்டும். நெஞ்சால் மோதும், கீழே தள்ளும், கடிக்கும். ஆண் லாமாவுக்கு இரண்டு மூன்று வயதில் சண்டைக்கென்றே கூரான பற்கள் முளைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குட்டியாக இருந்தபோது எல்லோரும் கொஞ்சிய லாமா இப்படி மாறுவது வளர்ப்பின் தவறு, அந்த விலங்கின் தவறு இல்லை. தாயோடும் மற்ற லாமாக்களோடும் வளர்ந்து, பால் மறந்த பிறகு கயிற்றுக்குப் பழகிய கண்காட்சி லாமாவுக்கு இந்தச் சிக்கல் அநேகமாக வராது.

கண்காட்சி வளர்ப்பால் கிடைக்கும் ஒரு நல்ல விஷயத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அது பிடிபடும். குளம்பு நகம் வெட்ட, ஊசி போட, கம்பளி வெட்ட, வண்டியில் ஏற்ற, எல்லாவற்றுக்கும் நிற்கும். ஹால்டர் பார்த்திராத லாமாவை நோயென்று மேய்ச்சல் நிலத்தில் துரத்திப் பிடிக்கும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

மற்ற வழிகள்

காவலுக்கென்று ஒரு காயடித்த ஆண் லாமாவை வாங்குவது ஒரு வழி. காயடிக்காத ஆண் பெட்டை ஆடுகள் மேல் ஏற முயலும். அந்த எடைக்கு ஆடு நசுங்கிப்போகும். காயடிப்பதை மிகச் சீக்கிரம் செய்தாலும் கெடுதல்: எலும்பு வளர்ச்சி நிற்கத் தாமதமாகி, கால்கள் அளவுக்கு மீறி நீண்டு, பின்னால் மூட்டு வலியில் கொண்டுபோய் விடும். ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் செய்வது நல்லது. இரண்டு வயது தாண்டிய, காயடித்த, ஆளுக்கு அடங்கும் ஆனால் ஆளை நாடாத லாமாவாகப் பாருங்கள். கண்காட்சிக்குத் தயாராக்கி, உடலமைப்பிலோ கம்பளியிலோ கொஞ்சம் குறைந்ததால் இனப்பெருக்கத்துக்கு எடுக்காமல் விட்ட ஆண்கள் பல வளர்ப்பாளர்களிடம் இருக்கும். எனக்குப் பிடித்த தேர்வு இதுதான். கயிற்றுப் பழக்கம் கிடைக்கிறது, பல சீசன் கூட்டத்தில் சுற்றிய சோர்வு இல்லை, கம்பளி போய்விடுமே என்ற கவலையும் இல்லை.

காவல் நாய்தான் பெரிய எதிரிகளுக்குச் சரியான ஆள். பைரனீஸ் மலையின் கிரேட் பைரனீஸ், துருக்கியின் அனடோலியன், இத்தாலியின் மரெம்மா ஆகிய இனங்கள் பல நூற்றாண்டுகளாக ஓநாய், கரடிகளுக்கு எதிராக மந்தையோடு வாழ்ந்தவை. இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்தால் லாமாவால் நினைத்தே பார்க்க முடியாத எதிரியைத் தடுக்கும். ஆனால் எட்டு வாரக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்க்க வேண்டும். நம்பகமான காவலாக மாற ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். அந்த இடைவெளியில் விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதைக் கடிக்கும், துரத்தும், அதைக் கண்காணித்துத் திருத்த ஆள் வேண்டும். தினமும் தனித் தீனி வேண்டும். இரவில் குரைக்கும், பக்கத்தில் வீடுகள் இருந்தால் அது ஒரு பிரச்சினை. வேலி சரியில்லை என்றால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். வேலை செய்யும் காலமும் குறைவு. லாமா 15 முதல் 20 ஆண்டு வாழும், இந்தப் பெரிய நாய்களுக்குப் பத்தைத் தாண்டுவதே அதிகம்.

கழுதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாய் இனத்தின் மேல் அதற்கு உள்ள பகை நிஜமானது, கத்தினால் நெடுந்தூரம் கேட்கும், கடிக்கும், உதைக்கும். பெட்டையோ காயடித்ததோ ஒன்றே ஒன்று போதும். பிறந்த குட்டிகளைச் சில கழுதைகள் மிதித்துவிடும், அதனால் ஈற்றுக் காலத்தில் பிரித்து வைக்க வேண்டியிருக்கும். செழிப்பான புல்லில் கழுதை கொழுத்துக் குளம்பு நோயில் விழும். வறண்ட, புல் குறைவான நிலத்தில் நல்ல காவல்; பச்சைப் புல் கிடைக்கும் இடத்தில் லாமாவே மேல்.

கண்காட்சிப் பெண் லாமாவை விடலாமா என்றும் கேட்பார்கள். பெண்களும் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும், நாயை விரட்டும். ஆனால் சினைக்காலம் ஏறத்தாழ பதினொன்றரை மாதம். நல்ல பெண்ணிடமிருந்து எதிர்பார்க்கும் குட்டியை இந்த வேலையில் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். ஈன்ற பிறகு அதன் கவனம் முழுக்கத் தன் குட்டி மேல்தான் இருக்கும்.

சேர்ப்பதற்கு முன்

தீனி விஷயத்தில் லாமாவுக்கு ஒரு வசதி: ஆடுகளோடு அதே புல், அதே வைக்கோல். தாதுக்கலவையில்தான் கவனம் வேண்டும். செம்மறிக்குத் தாமிரம் அதிகமானால் விஷம், லாமாவுக்கும் அப்படித்தான். வெள்ளாடுகளுக்கென்று விற்கும் கலவையில் தாமிரம் கூடுதலாக இருக்கும், அதை லாமாவுக்கு எட்டும்படி வைக்காதீர்கள். மோனென்சின் (கோழி, மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் ஒரு மருந்து) கலந்த தீவனம் பண்ணையில் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. கழுதைக்கு அது கொஞ்சம் போனாலே மரணம், லாமாவுக்கும் ஆகாது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வெள்ளைவால் மான்கள் நடமாடும் நிலம் என்றால், மானிடமிருந்து நத்தை வழியாக வரும் ஒரு புழு லாமாவின் தண்டுவடத்தைத் தாக்கி முடக்கிவிடும். தடுப்பு மருந்துக்குக் கால்நடை மருத்துவரிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

கண்காட்சிக்குப் போய் வருவதையும் காவலையும் ஒரே லாமாவிடம் எதிர்பார்ப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பல பண்ணை விலங்குகள் கூடும் இடத்திலிருந்து திரும்புகிற லாமாவை இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்த பிறகே ஆடுகளோடு விட வேண்டும். அந்த வாரங்களில் மந்தைக்குக் காவல் இல்லை. இது ஒவ்வொரு கண்காட்சிக்கும் திரும்பத் திரும்ப நடந்தால் ஆடுகளோடு உள்ள பிணைப்பும் தளர்ந்துபோகும். அதனால் காவலா கண்காட்சியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவது லாமாவுக்கும் ஆடுகளுக்கும் நல்லது. கண்காட்சிக் காலம் முடிந்த, காயடித்த, நாயைக் கண்டு எழும் லாமா இருந்தால் தயங்காமல் விடுங்கள். இன்னும் போட்டிக்குப் போகும் லாமா என்றால் அதை அங்கேயே இருக்க விட்டு, காவலுக்குத் தனியாக ஒன்றைப் பாருங்கள்.

மந்தைக்குள் விடும்போது நேராகப் பெரிய நிலத்தில் திறந்துவிடாதீர்கள். சின்னப் பட்டியில், வேலி இடையில் இருக்க, சில நாள் ஆடுகளைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பிறகு அதே பட்டியில் சேர்த்து விட்டு, லாமா ஆடுகளுக்குப் பக்கத்தில் படுக்க ஆரம்பித்ததும் மேய்ச்சலுக்கு விடுங்கள். இதை ஈற்றுக் காலத்துக்கு வெகு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. புதுக் குட்டிகளைச் சில லாமாக்கள் ஆர்வம் தாங்காமல் மோந்து மோந்து தாயிடமிருந்து பிரித்துவிடும். பண்ணையில் மேய்ப்பு நாய் இருந்தால் அதையும் முதல் நாளே கயிற்றில் பிடித்து அறிமுகப்படுத்துங்கள், இல்லையென்றால் லாமா முதலில் விரட்டுவது அதைத்தான். லாமாவின் பழைய தோழர்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் அவர்களை முதலில் வேறு பக்கம் மாற்றிவிடுங்கள்.